தண்ணீர் குடிக்காத விரதம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது மூன்று. தங்கை போன பின் அவள் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஐந்து பேரும் அவரவர் வேலையில் நன்றாக இருக்கிறார்கள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமையை உள்ளேயே அடக்கி வைத்தால் அதுவும் மலச்சிக்கல் மாதிரி ஏதாவது செய்யும் என்று நம் டாக்டரம்மா என்னைக் கேலி செய்வார்.

நீங்கள் இரண்டு பேரும் நம் வைத்தியசாலையில் பத்தியம் சொல்லும் வேலைக்குச் சேர்ந்த மறுவாரம் என்னைப் பார்க்க வந்தீர்கள். "இத்தினி வருஷம் இருந்திருக்கீங்க, எங்களுக்கு ஏதாச்சும் சொல்லுங்கம்மா" என்று கேட்டீர்கள். நான் காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருவதற்குள் ஆர்.கே.பேட்டை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டீர்கள். நான் மெதுவாகப் பேசுகிறவள். அதனால் பேத்தி நிவேதாவை உட்கார வைத்துச் சொல்கிறேன், அவள் போனில் தட்டுகிறாள். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். எழுதுவதென்றால் கையெழுத்தோடு சரி.

கஞ்சிக்கு எந்த அரிசி, மோருக்குச் சீரகம் எவ்வளவு என்பதையெல்லாம் இதில் சொல்லப் போவதில்லை. அது அடுப்படியில் நின்றால் கைக்கு வந்துவிடும். ஆள் முன்னால் வந்து உட்கார்ந்த பிறகு நடப்பதுதான் கஷ்டம்.

முதலில், நம்மிடம் வரும் நோய்களின் பெயரை வாய் கூசாமல் சொல்லப் பழகுங்கள். மூலம், ஆசனவாய் வெடிப்பு, பவுத்திரம். வருகிறவர்களுக்குக் கூசும். "வயிறு சரியில்லீங்க" என்று ஆரம்பிப்பார்கள். பிறகு "ஒடம்பு சூடுங்க" என்பார்கள். மின்விசிறியைப் பார்ப்பார்கள், காலண்டரைப் பார்ப்பார்கள். கடைசியில்தான் "உக்கார முடியலீங்க" என்று வரும். அதுவரைக்கும் பொறுமையாக இருங்கள். அவர்கள் கூசும்போது நீங்களும் கூசினால் வந்தவர் அப்படியே எழுந்து போய்விடுவார்.

கே.ஜி.கண்டிகையிலிருந்து ஓர் ஆட்டோக்காரர் வந்துகொண்டிருந்தார். மூலம். டாக்டரம்மா மருந்து கொடுத்து, கருணைக்கிழங்கு நிறையச் சாப்பிடச் சொல்லி அனுப்பினார். அடுத்த முறை நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். முன்னைவிட மோசம்.

"இன்னாங்க வைத்தியம் இது. நீங்க சொன்ன கெழங்கத்தான் மூணு வேளையும் துன்னுகினு கீறேன். எரிச்சல் உயிர் போவுது."

"எப்படிச் செஞ்சு சாப்டறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"வறுவல்தாங்க. நம்ம டீக்கடை மாஸ்டர் பஜ்ஜி சட்டியிலயே போட்டு எடுத்துக் குடுப்பாரு. மொளகாப்பொடி கொஞ்சம் தூக்கலா. இல்லன்னா அந்தக் கெழங்கு எப்படிங்க எறங்கும்?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நான்தான் உள்ளே ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். அவர் போன பிறகு டாக்டரம்மா சொன்னார்: "அவர் நம்மள ஏமாத்தலம்மா. சொன்னதைச் செஞ்சாரு. எப்படிச் சமைக்கறது, யார் சமைக்கறாங்க, எங்க உக்காந்து சாப்டறாருன்னு நாமதான் கேக்கல. இனிமே அதைக் கேக்கற வேலை உங்களுது." அதுவரை நான் சமையற்கட்டில் மட்டும் இருந்தேன். அன்றைக்குத்தான் எனக்குப் பத்திய அறையில் ஒரு நாற்காலி கிடைத்தது. இப்போது நீங்கள் உட்காரும் நாற்காலி அதுதான். ஒரு கால் ஆடும், பார்த்து உட்காருங்கள்.

இனி சுகுணாவின் கதை. இதற்காகத்தான் நிவேதாவை உட்கார வைத்திருக்கிறேன்.

பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெண். விசைத்தறி ஷெட்டில் வேலை. சித்திரை வெயிலில் மாமியாரோடு வந்தாள். மாமியார் ராஜம்மா, ஓங்கிப் பேசுகிறவள், முட்டி வலியோடு விந்தி விந்தி நடப்பாள். சுகுணாவுக்கு வெடிப்பு. வெளிக்குப் போகும்போது கண்ணாடித் துண்டு இறங்குகிற மாதிரி வலி, பிறகு ரத்தம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, பத்தியத்திலும் மருந்திலும் ஆறக்கூடியதுதான் என்றார். வெந்நீர்த் தொட்டியில் உட்காரச் சொன்னார். என்னிடம் அனுப்பினார்.

நான் வழக்கமானதைச் சொன்னேன். காலையில் வெந்நீர், ஊறவைத்த உலர்திராட்சை, கீரை, நெய் விட்ட சோறு, தண்ணியாகக் கடைந்த மோர். காரமும் கருவாடும் பரோட்டாவும் வேண்டாம். வந்தால் அடக்காதே. எல்லாவற்றுக்கும் "ஆங், சரிங்க" என்றாள். ஆட்டோக்காரர் பாடம் இருந்ததால் எப்படிச் சமைக்கிறாய் என்று துருவித் துருவிக் கேட்டேன். எல்லாம் சரியாகத்தான் சொன்னாள்.

அடுத்த முறை வந்தபோது கன்னம் ஒட்டியிருந்தது. அதற்கடுத்த முறை கண்ணிமையை இழுத்துப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. வெளுத்திருந்தாள். மஞ்சள் புடவை கட்டி, கழுத்தில் மாலை போட்டிருந்தாள்.

ராஜம்மா பெருமையாகச் சொன்னாள்: "முருகனுக்கு மால போட்டுகினு கீறா டாக்டரம்மா. ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி எடுக்கறா. பகல்ல பச்சத்தண்ணி பல்லுல படாது. எங்க தெருவுலயே இப்பிடி வெரதம் இருக்கறவ கெடயாது."

"தண்ணிகூடக் குடிக்காம எப்படிம்மா புண்ணு ஆறும்?"

"சாமி பாத்துக்கும். ஆடி முடியட்டும், நீங்க சொல்ற எல்லாத்தயும் துன்ன வெக்கறேன்."

சுகுணா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் அறையை விட்டுப் போன பிறகு டாக்டரம்மா சொன்னார்: "ரத்தம் போகுது, எடை குறையுது. வெறும் வெடிப்புன்னு நெனச்சு நாள் கடத்த முடியாது. அடுத்த தடவையும் இப்படியே வந்தா சோதனைக்குச் சென்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன்." வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்த சுகுணாவின் காதில் அது விழுந்திருக்க வேண்டும். நான் அவள் மறந்து வைத்த பையைக் கொடுக்கப் போனபோது மெதுவாகக் கேட்டாள்.

"சென்னைன்னா எத்தினி நாளுங்க ஆவும்? என் தறிய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. எங்க பாவாவுக்கு இப்ப வேல இல்ல." புருஷனை அவர்கள் வீட்டில் பாவா என்றுதான் சொல்வார்கள்.

அந்த வாரம் முழுவதும் அவள் நினைப்பாகவே இருந்தேன். நம் ஊரில் விரதக்காரர்களைப் பார்க்காத நாள் உண்டா? பஸ் ஸ்டாண்டிலிருந்து முருகன் மலை அடிவாரம் வரைக்கும் மஞ்சள் துணிதான். விரதம் இருக்கிறவர்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள். எதற்காக வேண்டிக்கொண்டார்கள், மாலை யார் போட்டுவிட்டார்கள், கனவில் என்ன வந்தது என்று கேட்காமலே சொல்வார்கள். நான் இவளிடம் "எதுக்கும்மா வேண்டிகினே?" என்று கேட்டபோது, "சும்மாதாங்க" என்றாள். சும்மா யாராவது காவடி எடுப்பார்களா?

அடுத்த முறை வந்தபோது கவனித்தேன். ராஜம்மா வாசலில் பூக்காரியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாள். சுகுணா நேராகப் பின்பக்கம் கழிவறைக்குப் போனாள். திரும்பி வந்து, கூடத்து மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தாள். நின்ற வாக்கில் தம்ளர் தம்ளராகக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, மாமியார் வருவதற்குள் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். பெயர் கூப்பிடும் முன் மறுபடியும் ஒரு தடவை பின்பக்கம் போய் வந்தாள்.

நம் இடத்தில் குடிக்கிறாள். வேறு எங்கேயும் குடிப்பதில்லை. நம் இடத்தில் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். தாழ்ப்பாள் போட்ட, தண்ணீர் வருகிற கழிவறை இருக்கிறது.

உள்ளே டாக்டரம்மா சென்னைக்கு அனுப்பும் பேச்சை எடுத்துவிட்டார். ராஜம்மா விரதத்தைச் சொல்லி மறுத்துக்கொண்டிருந்தாள். "இவள் தண்ணீர் குடித்ததை நான் பார்த்தேன்" என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் விரதம் பொய் என்று மாமியார் முன்னால் உடையும். அதன் பிறகு அந்தப் பெண் நம் வாசல் ஏறமாட்டாள். வைத்தியமும் போகும், வீட்டில் இருக்கிற மரியாதையும் போகும். நோயாளியின் பொய் கண்ணில் பட்டவுடன் பிடித்து இழுக்க நமக்குக் கை பரபரக்கும். யார் முன்னால் இழுக்கிறோம் என்று ஒரு நிமிஷம் பாருங்கள்.

நான் டாக்டரம்மாவைப் பார்த்து, "இந்தம்மாவுக்கு முட்டி வீங்கிகினு கீது, கொஞ்சம் பாருங்களேன். நான் பொண்ண அடுப்படிக்கு இட்டுகினு போறேன்" என்றேன். டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார். "வாங்கம்மா, காலை நீட்டுங்க" என்றார். அவரிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். நூறு கேள்வி கேட்க மாட்டார்.

சமையற்கட்டில் முருங்கைக் கீரைக் கட்டு இருந்தது. சுகுணாவிடம் பாதியைக் கொடுத்து உருவச் சொன்னேன். இதையும் கற்றுக்கொள்ளுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து முகம் பார்த்துக் கேட்டால் பெண்கள் சொல்லமாட்டார்கள். கைக்கு வேலை கொடுத்தால் வாய் தானாகத் திறக்கும்.

"ஷெட்டுல எங்க போற?" என்று கேட்டேன்.

கீரை உருவிய கை நின்றுவிட்டது.

"எங்கியும் போறதில்லீங்க."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஷெட்டுக்குப் பின்னால் முள்ளுக்காடு இருந்தவரைக்கும் பெண்கள் அங்கே போய் வந்தார்கள். அதை அழித்து மனை போட்டுக் கல் நட்டுவிட்டார்கள். இப்போது வெட்டவெளி. ஆண்கள் சுவரோரம் போய்விடுகிறார்கள். ஓனர் வீடு பக்கத்தில்தான், அங்கே போய்க் கேட்க ஒருத்திக்கும் வாய் வரவில்லை. தறியை விட்டு எழுந்தால் அந்த நேரம் பார்த்து நூல் அறுந்து துணி பழுதாகும் என்கிற பயம் வேறு. அதனால் சுகுணா காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். பிறகு காலைச் சாப்பாட்டை நிறுத்தினாள். மலம் இறுகியது, வெடித்தது. வலிக்குப் பயந்து இன்னும் குறைத்தாள். டிபன் பாக்ஸ் நிரம்பியபடியே வீட்டுக்குத் திரும்பி வந்தது. பாவா ஏன் என்று கேட்டான்.

"வெரதம்னு வாயில வந்துச்சுங்க, சொல்லிட்டேன். வெரதம்னா யாரும் ஒன்னும் கேக்கறதில்ல. அத்த ரொம்ப சந்தோசப்பட்டுத் தெரு பூரா சொல்லிடுச்சு. அப்பால காவடியும் சேந்துகிச்சு." கண்ணில் தண்ணீர் நின்றது. "சாமிய வெச்சுப் பொய் சொன்னேன்ல, அதுக்குத்தான் இந்த ரத்தம்னு நெனச்சிகினு கீறேன்."

நான் அடுத்த கொத்துக் கீரையை எடுத்தேன். அப்போது நான் அழுதால் அவள் நினைத்தது சரி என்று ஆகிவிடும்.

"ரத்தம் தண்ணி குடிக்காததால வருது, கண்ணு. சாமி என்ன பண்ணும். மலை மேல நின்னுகினு எத்தினி பேரு வீட்டுல சாக்கா இருக்கறாரு பாவம், உன்னுதயும் சேத்துப் பாத்துக்குவாரு. காவடி எடுக்கறேன்னு சொன்ன, எடு. பட்டினி கெடக்கறேன்னு அவருகிட்டச் சொன்னியா, உங்க அத்தகிட்டச் சொன்னியா?"

யோசித்தாள். "அத்தகிட்டதாங்க."

"அப்ப அத விடறதுக்கு அத்தகிட்டப் பேசுனா போதும்."

"எங்கிட்ட என்னா பேசணும்?" என்று குரல் கேட்டது. ராஜம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. அந்த விந்தி நடக்கிற காலுக்கு ஒரு சத்தமும் இல்லை அன்றைக்கு.

சுகுணா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ராஜம்மா மெதுவாக வந்து, வலிக்கிற காலை நீட்டி உட்கார்ந்து, முறத்திலிருந்து ஒரு கொத்து முருங்கையை எடுத்து உருவ ஆரம்பித்தாள்.

"எம் மாமியாகிட்ட நான் வெள்ளிக்கெழம வெரதம்னு சொன்னேன்," என்றாள் ராஜம்மா. "அப்பால செவ்வாக்கெழமயும்னு சொன்னேன். குழித்தறியில எறங்கி உக்காந்தா எழுந்திருக்க வுடமாட்டாங்க. காலம்பர இருட்டுல போனா, அப்பால பொழுது சாஞ்சுதான். தண்ணி குடிச்சா ஆவுமா?" மருமகளைப் பார்த்தாள். "உன் டிபன் பாக்ஸ நானுந்தான் கழுவறேன். எனக்குத் தோணி இருக்கணும். பெருமையில கண்ணு மறச்சிகிச்சு."

"அத்தே..."

"கீரய உருவுடி. அழுதுகினே உருவுனா உப்பு கரிக்கும்."

பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அது மருமகள் மேல் வரவில்லை. "அந்த ஓனர் பையன் எங்கண்ணு முன்னால ட்ரவுசர் போட்டுகினு சுத்துனவன். அவன் பொண்டாட்டிகிட்ட நான் பேசறேன்."

பேசினாள். சுகுணா அதை எங்களுக்கு நடித்தே காட்டினாள். ராஜம்மா கையில் சொம்போடு ஓனர் வீட்டு வாசலில் போய் நின்றாளாம். "தாயி, உன் வீட்டுக் கக்கூஸ எங்க பொண்ணுங்களுக்குத் தெறந்து வுடறியா, இல்ல நான் உன் கோலத்து மேலயே உக்காரட்டுமா?" என்றாளாம். அந்தப் பெண் திகைத்துப் போய், "என்கிட்ட இத்தினி நாளா யாருமே சொல்லலியே பெரிம்மா" என்று உடனே கதவைத் திறந்துவிட்டாளாம். உண்மைதான், யாரும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணே புருஷனை நச்சரித்து, ஆனி முடிவதற்குள் ஷெட்டுக்குப் பின்னால் பெண்களுக்கென்று தனியாக ஒன்று கட்ட வைத்தாள். உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று ராஜம்மா போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஒரு விஷயத்தை விட்டுவிடக் கூடாது. காரணம் தெரிந்துவிட்டது என்று நான் துள்ளிக்கொண்டு சொன்னபோது, டாக்டரம்மா முழுதும் கேட்டுவிட்டு, "ரொம்ப நல்லதும்மா. ஆனாலும் சோதனைக்கு அனுப்பத்தான் போறேன்" என்றார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "ஒரு காரணம் கெடச்சதும் இன்னொண்ணு இருக்காதுன்னு நெனச்சுடக் கூடாது. இவ எடை குறைஞ்சிருக்கா" என்றார். பாவா பைக்கில் கூட்டிக்கொண்டு போனான். அன்றைக்கு அவள் தறியைப் பக்கத்துத் தறிப் பெண்ணே பார்த்துக்கொண்டாள். வேறு ஒன்றும் இல்லை, ரத்தம்தான் குறைவு என்று வந்தது. அந்த நல்ல சொல்லைக் கேட்ட பிறகுதான் சுகுணா நிம்மதியாகச் சாப்பிட்டாள். ஆகவே யார் ரத்தம் போகிறது என்று வந்தாலும், பத்தியத்தை நம்புங்கள், டாக்டரம்மாவிடம் காட்டிய பிறகு நம்புங்கள்.

அதன் பிறகு நான் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. முதல் நாள் சொன்ன அதே திராட்சை, அதே கீரை, அதே மோர். இரும்புச் சத்துக்கு டாக்டரம்மா மருந்து சேர்த்தார். புண் ஆற ஆரம்பித்தது. ஒரு நாள் வந்து நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கே அது தெரிந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆடிக் கிருத்திகைக்கு அடிவாரத்தில் நாம் நீர்மோர்ப் பந்தல் போடுவது உங்களுக்குத் தெரியும். அந்த வருஷம் மோர் ஊற்றியது நான்தான். எங்கே பார்த்தாலும் காவடி, அரோகரா, பூ வாசனை, வேர்வை வாசனை. கூட்டத்தில் ராஜம்மாவின் குரல் முதலில் வந்தது. பிறகு சுகுணா, தோளில் புஷ்பக் காவடி, முகத்தில் மஞ்சள். பாவா முன்னால் கூட்டத்தைத் தள்ளி வழி பண்ணிக்கொண்டு வந்தான்.

பந்தல் முன்னால் நின்றாள். இரண்டு கையும் காவடியில் இருந்தது. ராஜம்மா என்னிடமிருந்து தம்ளரை வாங்கி, தெரு பார்க்க, மருமகள் வாயில் பிடித்தாள். மடக் மடக்கென்று குடித்தாள் சுகுணா. அவர்கள் தெருக்காரி ஒருத்தி, "ஏ ராஜம்மா, தண்ணி பல்லுல படாதுன்னியே" என்று கேட்டாள்.

"அது போன மாசம்," என்றாள் ராஜம்மா. "முருகரு மாத்திக்கச் சொல்லிட்டாரு." மருமகளிடம் திரும்பி, "இன்னொரு தம்ளர் குடி. பயப்படாம குடி. மேலயும் பாத்ரூம் கீதாம், நான் விசாரிச்சிட்டேன்" என்றாள்.

இரண்டாவது தம்ளரையும் குடித்துவிட்டுப் படியேறினாள். கூட்டத்துக்கு மேலே அந்தக் காவடி ஆடி ஆடிப் போவதை, கண்ணில் தெரிகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் மோருக்காகத் திட்டினார்கள். திட்டட்டும் என்று நின்றேன்.

எனவே பெண்களே, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்பதற்கு முன்னால், எங்கே போகிறாய் என்று கேளுங்கள். கதவு இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, எழுந்து போக விடுகிறார்களா என்று கேளுங்கள். வந்ததை அடக்காதே என்று நாம் சொல்வது சுலபம். அடக்காமல் இருக்க ஓர் இடம் வேண்டும். இடம் இல்லையென்றால், யார் வீட்டு வாசலில் சொம்போடு நிற்க வேண்டும் என்று அவர்களோடு சேர்ந்து யோசியுங்கள். நீங்களும் தண்ணீர் குடியுங்கள். நம் வைத்தியசாலைப் பானையில் வெட்டிவேர் போட்டிருக்கும்.

அவ்வளவுதான். நிவேதா, முதலிலிருந்து படித்துக் காட்டு. நான் சொல்லாதது ஏதாவது சேர்த்திருக்கிறாயா என்று பார்க்க வேண்டும். இரு, இரு. பள்ளிக்கூடப் பையில் உன் தண்ணீர் பாட்டில் இருக்கிறதே, காலையில் நான் நிரப்பிக் கொடுத்தது. மூடி திறக்காமலே வந்திருக்கிறது. பக்கத்தில் வா. உன் பள்ளிக்கூடத்துக் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? முதலில் அதைச் சொல்லு. சொல்லிவிட்டு, பாட்டிலைக் குடித்துவிட்டு, அப்புறம் படி.